மைனஸ் பதினெட்டில் பென்சில்

என் கிரகத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
கம்பெனிப் பதிவேட்டில் டிவிஷன் ஒன்பது,
அவ்வளவுதான்.

உறைபனியை நான் பார்த்ததில்லை.
பீடோரில் பனி என்றால்
விடிகாலையில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே
சோம்பி நிற்கும் வெள்ளை.
முதல் பழ லோரி போனதும் கலைந்துவிடும்.

எனக்குத் தெரிந்த குளிரெல்லாம்
கோழித் தொழிற்சாலையின் மூன்றாம் நம்பர் குளிரறை.
பெட்டி எண்ணுவது என் வேலை.
மைனஸ் பதினெட்டில் பால்பாயிண்ட் பேனா
நான்கு நிமிடத்தில் ஊமையாகிவிடும்.
அடுத்த நிமிடம் மூக்குக்குள் முடி விறைக்கும்.
பென்சில் மட்டும் எழுதும்.

ஆகவே முதல் விதி:
டிவிஷன் ஒன்பதில் எல்லாமே பென்சிலில்தான்.
பெரட்டுக் கணக்கு, காற்றுப் பங்கீடு,
கம்பெனிக் கடையின் கடன் சீட்டு.
ரப்பர் எப்போதும் கம்பெனி கையில்.

சாப்பாட்டு இடைவேளையில், வெளியே வெயிலில்,
விரல்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து
மிச்சத்தை எழுதினேன்.
அறுபது மணி நேரம் ஒரு பகல்.
பழைய ஈயக்குட்டையை மோட்டாரில் கடக்கும்போதெல்லாம்
மனதுக்குள் அதை உறைய வைத்தேன்,
அல்லியோடு, மிதக்கும் மைலோ டின்னோடு.
பகடையில் ஒன்று விழுந்தால் குழாயில் பனி அடைக்கும்.
இருபது விழுந்தால்
கடிதம் வரும்.
முகாமுக்குப் பின்னால் பனிக்கட்டியின் அடியில்
எட்டுக் கால், மூன்று வாயோடு ஒரு பிராணி.
அதை வரையவே இரண்டு வாரம்.

வெள்ளி இரவு, டயர் கடை மாடி.
பழ லோரி ஓட்டும் சந்திரகாசன்,
கிளினிக்கில் அட்டை எடுத்துத் தரும் தர்மினி,
வேதியியல் வாத்தியார் இமானுவேல்,
கடைக்காரர் மகன் கோக் லியோங்.
நான்கு தே ஓ, எனக்கு மட்டும் சூடாக மைலோ.

பிராணியின் முதல் உறுமலை நான் தொடங்கும்போது
தர்மினி கேட்டாள்:
"போன வாரம் செத்த பையனை எங்கே புதைத்தார்கள்?
தரை கல்லாக இருக்கிறதே."

என் குறிப்பில் அவன் துளைப்பு உதவியாள் நான்கு.
பகடை ஒன்று காட்டியது, செத்தான்.
நோட்டைப் புரட்டினேன். அறுபத்திரண்டு பக்கம்.
கழிவறைக்குக்கூட இடம் விட்டிருந்தேன்,
சுடுகாட்டுக்கு இல்லை.

"குளிரறை இருக்குமே," என்றான் கோக் லியோங்.
சிரித்தோம்.
பிறகு அவனே சிரிப்பை நிறுத்தினான்.

இமானுவேல் கணக்குப் போட்டார்.
ஆறடி ஆழத்துக்குத் துளை எந்திரம் ஒன்பது மணி நேரம்.
எந்திர வாடகை, என் அட்டவணைப்படியே,
பதினான்கு மாதச் சம்பளம்.
அந்த அட்டவணையை
ஒரு மத்தியானம் நாசிலெமாக் தின்றுகொண்டே எழுதினேன்.

சந்திரகாசன் தன் தாளைப் பார்த்தான்.
ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு
எட்டு வெள்ளிக்கிழமைகளாகச் சேர்த்திருந்தான்.
"என்னுடையதை எடுத்துக்கொள்.
அவன் பெயர் என்ன?"

கிரகத்துக்கே பெயர் வைக்காதவள் நான்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.
"ஞானதுரை" என்றேன். எங்கிருந்து வந்ததோ.

எந்திரம் தாக்குப் பிடிக்குமா என்று
திரைக்குப் பின்னால் பகடையை உருட்டினேன்.
ஒன்று.
பதினொன்று என்று சொன்னேன்.

மணி ஒன்றேகால். எல்லோரும் போய்விட்டார்கள்.
தர்மினி தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.
வரைபடத்தில் குழி வரைய வேண்டும்,
ஒரு கட்டம் மூன்றடி, ஆக இரண்டு கட்டம்.
அவர்கள் காட்டிய இடத்தில்
பிராணி படுத்திருந்தது.

ரப்பரை எடுத்தேன்.
அழுத்தி வரைந்திருக்கிறேன் போல,
ஒரு கால் மட்டும்
முழுசாக அழியவில்லை.