கடைமடை

வெளிச்சம் பட்டால் ஃபோலேட் செத்துவிடும்.
ஆகவே ரத்தம் எடுத்த கையோடு
குழாயை வெள்ளித்தாளில் சுற்றுகிறேன்,
பரோட்டாக் கடையில் பொட்டலம் மடிப்பதுபோல.

தலைஞாயிற்றுக்குத் தெற்கே, பதினேழாவது வீடு.
பெயர் தையல்நாயகி. வயது இருபத்து நான்கு.
தொழில்: நடவு. அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை.
நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை
என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.
"சோறுதான்."
அளவுக் கோப்பைகளைத் தரையில் பரப்பினேன்.
பெரியதைத் தொட்டாள், இரண்டு முறை.
புளிக்குழம்பு, சின்னதில் ஒன்று.
கருவாடு, பாதி விரல் நீளம்.
டீ மூணு. வறுக்கி ரெண்டு.
கீரை?
சிரித்துவிட்டாள்.
"வரப்பு பூரா களைக்கொல்லி.
ஆட்டையே அவுத்து விடுறதில்ல.
வண்டியில வர்றது கட்டு இருவது ரூவா,
வெந்தா ஒரு கைப்பிடி.
அவுருக்கு வச்சு, புள்ளைக்கு வச்சு..."
படிவத்தில் பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யம் போட்டுப் போட்டு
என் கையெழுத்தே உருண்டையாகிவிட்டது.

எத்தனை முறை கர்ப்பம்?
"ரெண்டு."
உயிரோடு?
வாசலில் ஆட்டுக்குட்டியின் கயிற்றோடு
மல்லுக்கட்டும் பையனைப் பார்த்தாள். "அவன்."
பிறகு தானாகவே சொன்னாள்:
"அஞ்சாம் மாசம் நாகப்பட்டினத்துல ஸ்கேன் பாத்து
தலை மூடலைன்னுட்டாங்க.
மாத்திரையெல்லாம் ஒண்ணு விடாம முழுங்குனேன் அக்கா.
காலி அட்டைய நர்ஸம்மாகிட்ட காட்டக்கூட செஞ்சேன்."

எந்த மாதத்திலிருந்து?
"மூணு முடிஞ்சு. பேரு பதிஞ்சப்புறந்தான குடுப்பாங்க."

கருவின் முதுகில் ஒரு வாய்க்கால் இருக்கிறது.
இருபத்தெட்டாம் நாளுக்குள்
இரு கரையும் எழும்பி, வளைந்து, கூடி
அது மூடிக்கொள்ள வேண்டும்.
நாள் தள்ளிப்போச்சா என்று அவள் விரல் விடும்போதே
அந்த வேலை முடிந்திருக்கும்,
அல்லது முடியாமல் போயிருக்கும்.
மூன்றாம் மாதத்து மாத்திரை
ஆவணியில் இங்கே வந்து சேரும் தண்ணீர்.
மேட்டூர் திறந்தது உண்மை.
தலைமடையில் பயிர் பச்சை கட்டியதும் உண்மை.
இங்கே நாற்றங்கால் பாளமாய் வெடித்த பிறகு
மதகில் நுரையோடு வந்து நின்றதும் உண்மை.

"கெரகணத்தன்னிக்கு அருவா எடுத்தேன். அதுவாயிருக்குமா?"
இல்லை என்றேன்.
நாங்கள் ஆலோசனை சொல்லக் கூடாது;
கையேடு, பக்கம் ஒன்பது.
இல்லை, இல்லவே இல்லை என்று மறுபடியும் சொன்னேன்.

பயிற்சி முகாமில் ஊசி பழக
ஒருவர் கையை ஒருவர் குத்தினோம்.
என் எண்ணும் கோட்டுக்குக் கீழேதான்.
மாதச் சம்பளம், திருவாரூரில் வாடகை வீடு,
காலை ஏழுக்கு வாசலிலேயே கீரை வண்டி.
முளைக்கீரையைக் குழைய வேகவிட்டு
தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவள் நான்.
கல்யாணமாகி எட்டு மாதம்.
இன்று எனக்கு எத்தனையாவது நாள்?

"ரிசல்ட்டு எப்பக்கா வரும்?"
வராது.
ஊர் ஊராய்க் கூட்டி, வகுத்து,
நாட்டுக்குப் பொதுவாக, தசமத்துக்குப் பின்னால்
ஓர் இலக்கமாகப் போகும்.
படிவத்தின் ஓரத்தைக் கிழித்து
மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
இன்னொண்ணு வேணும்னு தோணுச்சுன்னா
அதுக்கு முன்னாடியே போய்க் கேளு.
இப்படி ஆச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லு, அளவு கூட்டித் தருவாங்க.
பேரு பதியலைன்னு திருப்பி அனுப்பினா சண்டை போடு.

ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தேன்.
துண்டுத்தாளை ரேஷன் கார்டுக்குள் செருகியபடி
படல் வரைக்கும் வந்துவிட்டாள்.

"முன்னாடின்னா, எவ்வளவு முன்னாடி?"