ஓல்ட்டனில் பதினாறு பிராங்

நித்திரை கொள்ளத்தான் டிக்கெட் எடுத்தேன்.
கடைசிக்கு முந்தின ரயிலை விட்டவனுக்கு
இந்தப் பனியில்
பதினாறு பிராங்குக்கு வேறெங்கே சூடு?
சுவரொட்டியில் தொப்பி போட்ட நத்தை.
நல்லது, சத்தம் இராது.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
கையில் வெங்காய மணத்தோடு கண் மூடினேன்.

நத்தை தபால்பெட்டிக்குள் விழுந்து
ஒரு கடிதத்தின் ஓரத்தைத் தின்றது.
பெயர் போயிற்று, தெரு மட்டும் மிச்சம்.
ஒரு கண்ணைத் திறந்தேன்.

அதன்பின் படம் முழுக்க
அந்தக் கடிதத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு
வீடு வீடாக,
தன் வேகத்தில்.
எனக்கு ஜெர்மன் பாதிதான்;
நத்தைக்கு அதுவுமில்லை.
டிக்கெட் கிழித்த பெண்
விளக்குமாறோடு வந்தவள்
படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளிச்சம் வந்தபோது
ஒரு சப்பாத்தைக் காணவில்லை.
கடைசி ரயிலுக்கு நாலு நிமிடம்.
தரையில் கையூன்றித் தேடினேன்,
அவசரமே இல்லாமல்.