முட்டைக்குழியில் பேட்டரி

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு, ஒரே அறை.
கருவியின் கம்பியை மூன்றாகக் கழற்றி
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சாத்துகிறான் ஞானதாஸ்.
வட்டத் தட்டுக்குப் பாப்பாவின் பழைய துண்டு.
பேட்டரிகள் ஃப்ரிட்ஜில், முட்டைக்குழிகளில்.
சல்லடை பரணில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை;
இரவெல்லாம் உப்பு மணல்
என் தலையணையில் உதிரும்.

பிஸ்கட் டப்பா ஒன்றில் காசு,
ஒன்றில் கொலுசுத் திருகு,
இன்னொன்று நிறைய சோடா மூடிகள்.
அவற்றையும் ஏன் கழுவி வைக்கிறான், தெரியாது.

ஞாயிறு கூட்டம் தொலைத்ததைத் தேடித்
திங்கள் விடியலில் கிளம்புமுன்
என் கழுத்தருகே நீட்டிச் சோதிப்பான்.
சங்கிலிக்குக் கீச்சென்று கத்தும்.
அது அடகுக்கடைக்குப் போன பிறகு
கரண்டிதான்.

இன்று தூக்கக் கலக்கத்தில்
பழையபடி என் பக்கம் திருப்பினான்.
கத்தியது.

ஊக்கு, என்றேன்.