பொய் அறுவை

எலிக்கு வாந்தி வராது.
விழுங்கியது விழுங்கியதுதான், அதன் உடம்பு அப்படி.
அதனால் முதலில் நோயைத்
தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கௌனஸ், ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே நேமுனஸ் ஆறு
தன்னையே மூடிக்கொண்டு கிடந்தது.
கிந்தௌதஸ் லென்சுக்குள் குனிந்து
உணவுக்குழாயின் அடியில் ஒரு தப்பான வாசலைத் திறந்தார்,
முடியைவிட மெல்லிய நூலால்.
பித்தம் மேலேறக் கற்றுக்கொண்டது.

ஆறு வாரம் கழித்து, அவற்றில் பாதியை
மறுபடி மயக்கி, வாசலை அடைத்து,
இரைப்பையின் மேல்விளிம்பை இழுத்து
குழாயின் கழுத்தில் மப்ளர் மாதிரி சுற்றினோம்.
சுற்றினோம் என்கிறேன்.
நான் கொக்கியைப் பிடித்திருந்தேன், அவ்வளவே.

காலையில் எடை பார்ப்பது என் வேலை.
இருபத்திரண்டாம் எண் நாளுக்கு நாள் லேசானது.
கழுத்தை நீட்டி நின்று
வெறுமையை விழுங்கும், மறுபடி விழுங்கும்.
சுற்று ஒரு இழை இறுகிவிட்டிருந்தது.
வெட்டிப் பார்த்தபோது முடிச்சுக்கு மேலே குழாய்
ஈரக் காலுறையாய்த் தொய்ந்திருந்தது, உள்ளே நேற்றைய தீனி.
அறிக்கையில் அதற்கு ஒரு வரி கிடைத்தது.

மற்றவை தேறின.
சிவப்பு வடிந்தது, புண் தோல் போர்த்தது.
ஆனால் அமிலத்துக்குப் பயந்து
குடலின் வேஷம் போட்டுக்கொண்ட அணுக்கள் சில
ஆபத்து போன பிறகும் வேஷத்தைக் கலைக்கவில்லை.
ருஸ்னேயில் பனிக்கட்டி ஆற்றை அடைத்த வருஷம்
தண்ணீர் ஏறிய வழியே இறங்கிப்போனது.
சுவரில் கோடு மட்டும் நின்றது, மார்பளவு உயரத்தில்.

கிந்தௌதஸின் கோட்டுப் பையில்
எப்போதும் சுண்ணாம்பு மாத்திரை இருக்கும்.
மென்று மென்று உதட்டோரம் வெள்ளை.
இருபது வருஷ நெஞ்செரிச்சல்.
"நீங்களே செய்துகொள்ளலாமே, டாக்டர்?"
"இருபத்திரண்டை நீயும்தானே பார்த்தாய், ஸ்கிர்மாந்தே?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே இன்னொன்று வாயில் போட்டார்.

மூன்றாம் வரிசைக் கூண்டுகளைப் பற்றிச் சொல்லவில்லை.
பொய் அறுவை என்று அதற்குப் பெயர்.
வயிற்றைத் திறப்போம்.
இரைப்பையை விரலால் தொட்டு, இருந்த இடத்திலேயே வைப்போம்.
தைப்போம்.
நோயும் கொடுக்கவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை.
தழும்பை நக்கிக்கொண்டு அவையும் வாரங்களை எண்ணின,
அல்லது எண்ணியது நான்.

மார்ச்சில், ஒரே நாளில், எல்லா வரிசைக்கும் வாயு.

ஏன் என்று கேட்டால் பதில் உண்டு, சரியான பதில்:
புண்ணைப் படிக்கப் புண்ணில்லாத ஒன்று பக்கத்தில் வேண்டும்.
நானே புதியவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் எண்ணின் கண்ணாடித் தகட்டை
அன்று மாலை கடைசியாக வைத்தேன்.
இளஞ்சிவப்பு. ஒழுங்கான அடுக்குகள்.
இவ்வளவு அழகான தொண்டையை நான் பார்த்ததில்லை.
கட்டத்தில் 'இயல்பு' என்று எழுதி
விளக்கை அணைக்காமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.