கடைவாய்

கிளிமூக்கு மாங்காய் இறக்கிய டெம்போவில்
பதினேழாவது கிரேட்டில்
மாங்காயைவிடக் கூர்மூக்கோடு
ஒரு பச்சை நகர்ந்தது.

"கண்கொத்தி!"
லோடுமேன் கெம்பராஜ் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு ஓடி
டிரம்மில் மோதி விழுந்தான்.
அன்றிரவு பாம்பால் முதல் காயம் அவனுக்கு.
இரண்டாவது எனக்கு.

காவேரிப்பட்டணம் ரோட்டுக் கூழ் ஆலையில்
இனிப்பு அளக்கிற வேலை எனக்கு.
பாம்பு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வனத்துறைக்குப் போன் போட்டேன்.
சூளகிரிப் பக்கம் தக்காளிக்குள் யானையாம்,
விடிந்ததும் வருவார்களாம்,
அதுவரை பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள்.
எது பத்திரம், யாருக்குப் பத்திரம்,
போனில் அதெல்லாம் கேட்க முடியாது.

கொக்கி போதுமென்ற இடத்தில் விரலை நீட்டினேன்.
நாகம் மாதிரி கொத்திவிட்டு விலகுகிற ஜாதியில்லை இது.
முன்னால் ஒன்றும் கிடையாது.
விஷம் கடைவாயில்.
மென்றால்தான் இறங்கும்.
மென்றது,
வெற்றிலை போடுகிறவரின் நிதானத்தில்.
உடனே விடுவித்திருக்க வேண்டும்.
அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்:
படுக்கவைத்த சாவித்துவாரம்.

தலையணை உறையை உள்வெளியாகத் திருப்பி
(பிசிர் நூலில் பல் மாட்டக் கூடாது)
இரண்டு முடிச்சு.
ஓட்டை போட்ட வாளி, மூடி, மூடிமேல் செங்கல்.
பாய்லர் சூடு எட்டாத சிமெண்ட் மூலை.
மாதிரி பாட்டிலுக்கு ஒட்டுகிற லேபிளில்
"உயிர் உள்ளது. திறக்காதே. 11.40."
லேப் சாவி என் இடுப்பில்.

ஒரு மணிக்கு விரல் வாழைப்பூவாய்ப் பருத்தது.
மோதிரம் தோலுக்குள் போய்விட்டது.
சோப்பு, எண்ணெய், நூல் சுற்றல், எதுவும் பலிக்கவில்லை.
ஃபிட்டர் ரவூப் பாய்
ஸ்பூன் காம்பை அடியில் செருகி
ஹேக்ஸா பிளேடால் அறுத்தார்.
"கல்யாண மோதிரமாம்மா?"
"ஆமாம் பாய். மெதுவா."

ஜி.எச்.சில் டாக்டர் சொன்னது:
கட்ட வேண்டாம், கீற வேண்டாம்,
இதற்கு ஊசியும் இல்லை, தேவையும் இல்லை,
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

அணை வாய்க்கால் வேலியில் அவிழ்த்தோம்.
முடிச்சு இருந்ததே தெரியாத மாதிரி
கொடியோடு கொடியாகிவிட்டது.

வீட்டில் முதல் கேள்வி:
"மோதிரம் எங்கே?"
சத்தம் போடுகிற மனுஷன் இல்லை.
தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சாது என்பார்கள்.
ஒரு வார்த்தையைப் பிடித்தால்
ராத்திரி முழுக்க விடமாட்டார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது.
மோதிரம் கிடந்த இடம் மட்டும்
வெளிறிப்போய், கல்லுக்கடியில் இருந்த புல் மாதிரி.
ராயக்கோட்டை மேம்பாலத்தில்
வண்டி ஹேண்டிலில் அந்த விரலை மட்டும் நீட்டிவைத்து
ஓட்டிக்கொண்டு போகிறேன்.
கொஞ்சம் வெயில் படட்டும்.