தட்டைச் சாய்த்தபோது

வியாழக்கிழமைகளில் வான்கோழியின் ரத்தம் வரும்,
எல்வாவுக்கு அப்பால் ஒரு பண்ணையிலிருந்து,
பனியில் சறுக்காத டயர் மாட்டிய வேனில், ஐஸ் பெட்டிக்குள்.
பறவையின் பெயர் ஹில்டா என்று
பண்ணைக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தார்த்துவில் என் வேலை தொண்ணூற்றாறு குழிகள்.
சீரத்தை நீர்க்கச் செய்துகொண்டே போக வேண்டும்:
பத்தில் ஒன்று, இருபதில், நாற்பதில், எண்பதில்...
பன்னிரண்டாம் குழிக்கு வரும்போது
பெருங்காயம் வைத்த பாண்டம்,
வாசனை மட்டும்.
அதன்மேல் வைரஸ். அதன்மேல் ஹில்டா.
அரை மணி நேரம் காப்பி.

பிறகு தட்டைச் சாய்க்க வேண்டும்.
எதிர்ப்பொருள் இருந்த குழியில்
வைரஸின் கை கட்டப்பட்டிருக்கும்;
சிவப்பணுக்கள் அடியில் பொட்டாகத் தங்கி
சாய்த்ததும் கண்ணீராய் இறங்கும்.
இல்லாத குழியில்
வலை விரித்த மாதிரி ஒரு செம்மூட்டம்,
எவ்வளவு சாய்த்தாலும் அசையாது.
இந்தத் தொழிலில் அழுகிறவர்களுக்குக் காவல் உண்டு.
அழாத குழியைத்தான் குறித்துக்கொள்வோம்.

இந்த மாதம் பழைய சீரங்கள்.
எழுபத்தெட்டில் எடுத்தவை.
ரூபிள் போய் குரோன் வந்து
குரோன் போய் யூரோ வந்தது தெரியாமல்
நிலவறையில் உறைந்து கிடந்தவை.
பெயர் கிடையாது. எண், பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, ஊர்.
பாதிப் பேர் இந்நேரம் பைன் மரங்களுக்கு அடியில்.
அவர்களுடைய எதிர்ப்பொருள் மட்டும்
உருகிய பத்தாம் நிமிடம்
எதுவுமே நடக்காததுபோல் எழுந்து
எதிரியின் சட்டையைப் பிடிக்கிறது.
தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்.
மைனஸ் எண்பது டிகிரியைப் பார்க்காதவர்கள்.

நானூற்றுப் பதினேழு.
பெண். எழுபத்திரண்டு. வில்யாந்தி.

நானும் பெண், எழுபத்திரண்டு, வில்யாந்தி.

பாலர் பள்ளிக்கு ஒரு செவிலி வந்தது நினைவிருக்கிறது.
ஐவோ என்கிற பையன் மயங்கி விழுந்தான்,
ஒரு காலுறை பச்சை, மற்றது பழுப்பு.
மிட்டாய்த் தாளின் சரசரப்புகூட நினைவிருக்கிறது.
ஊசி நினைவில்லை.
அந்த வயதில் எங்கள் ஊரில் நூறு சிறுமிகளாவது இருந்திருப்போம்.
யாருடையது என்று தெரிந்துகொள்ளும் வழியை
விதிகள் அடைத்திருக்கின்றன;
அடைத்த தாளில் என் கையெழுத்தும் உண்டு.

ஆறு மணிக்கு மேல்
ஊர்வேயிடம் கையை நீட்டினேன்.
எதற்கு என்றாள்.
ஒப்பீட்டுக்கு என்றேன். முழுப் பொய்யில்லை.

மேல் வரிசையில் சிறுமி.
கீழ் வரிசையில் ஐம்பது தாண்டிய நான்,
இலையுதிர்காலம் தவறாமல் தடுப்பூசி போட்டவள்.
எழுபத்தெட்டின் குளிரில் வந்த வைரஸுக்கு
அவள் மூன்றாம் குழிவரை அழுதாள்.
நான் ஏழாம் குழிவரை.
இந்த ஆண்டின் வைரஸை வைத்தேன்,
போன மாதம்தான் அதற்கு ஊசி.
அவளிடம் ஒன்றுமில்லை. நியாயம்தானே.
என்னிடம் இரண்டே குழி.

அப்படியென்றால், ஒவ்வொரு அக்டோபரிலும்
புதுப் பாடத்தை நான் நீட்ட நீட்ட
ரத்தம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு
பழைய பாடத்தையே
இன்னும் உரக்க ஒப்பித்திருக்கிறது.
எந்தக் கிருமி முதலில் கதவைத் தட்டியதோ
அதன் முகத்தை வைத்துத்தான்
அடுத்து வந்த எல்லோரையும் அடையாளம் பார்த்திருக்கிறது.

இதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.
என் வரிசையை எழுதவில்லை.
ஊர்வே தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
“மேலே இருக்கிறவள் யார், உன் தங்கையா?” என்றாள்.
குழாயில் நான்கு சொட்டு மிச்சம்.
மூடியைத் திருகி, எண்ணைத் துடைத்து,
அவளை அவள் குளிருக்கே அனுப்பினேன்.

பிளீச்சில் போடும் முன்
தட்டை இன்னொரு முறை சாய்த்தேன்.
முதல் இரண்டு வரிசையும்
ஒரே பக்கமாக வழிந்தன.
சாய்த்தால் அப்படித்தான் வழியும்.