ஒரு சதுர மீற்றர்

சரசாலைக் குருவிக்காடு. காலை ஏழே கால்.
நான்கு குழாய்களைப் பூட்டிச் செய்த சட்டத்தைச்
சேற்றில் வைக்கிறேன்.
மூன்று மூலைகள் நிற்கின்றன, நாலாவது தாழ்கிறது.
மூங்கில் கழியொன்றை ஊன்றி முட்டுக்கொடுக்கிறேன்.
மதியம் வரை இதற்குள் இருப்பதுதான் உலகம்.

"சொல்லு, எழுதுறன்" என்கிறான் வாகீசன்
செருப்பு நனையாத தூரத்தில் நின்று.

வேர் கீழே போகும் என்று படித்தவள் நான்.
கண்ணா மரத்தின் வேர்கள் மேலே வருகின்றன,
சீவாத பென்சில்கள் போல, விரலுயரத்துக்கு.
சேற்றுக்குள் காற்றில்லை, கூழ்முட்டை மணம்தான்.
அதனால் வெளியே நீட்டிய மூக்குகள் இவை.
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணுகிறேன்.
நூற்றெழுபத்தாறாவது குதித்து ஓடியது.

"நூற்றெழுபத்தைஞ்சு. மற்றது மீன்."

செவுளுக்குள் ஒரு மிடறு தண்ணீரைக்
கட்டுச்சோறு போல அடக்கிக்கொண்டு
நிலத்தில் குந்தியிருந்து
என்னை விழித்துப் பார்க்கிறது அந்த மீன்.

ஓர் இலையை நக்கிப் பார்த்தேன்.
(படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.)
வேர் வாசலிலேயே பெரும்பங்கு உப்பைத் திருப்பிவிடும்.
தப்பி நுழைந்ததை இலை வியர்த்துத் தள்ளும்.
பத்து மணிக்குள் என் சட்டை முதுகிலும்
வெள்ளைக்கோடு விழுந்துவிடும்.
அதற்காக நானும் மரமும் ஒன்று என்று எழுத மாட்டேன்.
என்னிடம் ஒன்றரை லீற்றர் போத்தல் இருக்கிறது.

நண்டுக்கூட்டோடு போன இம்மானுவேல் நின்றார்.
"என்ன பிள்ளை, ஏதும் துலைஞ்சு போச்சோ?"
"இல்லை, எண்ணுறம்."
"எண்ணினாக் கூடுமோ?"
பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அவர் கூட்டில் இருந்த நண்டு ஊரியைத் தின்றது,
ஊரி மக்கிய இலையை,
இலை வெயிலை.
ஒவ்வொரு கை மாறும்போதும்
பத்தில் ஒன்பது பங்கு வழியில் சிந்திவிடுகிறது.
அப்படியானால் ஒரு சட்டி நண்டுக்கறிக்கு எத்தனை இலை?
வாகீசன் கைபேசியில் தட்டத் தொடங்கி
பசிக்குது என்று நிறுத்திவிட்டான்.

உப்புமானியை வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன்.
நீலக்கோடு கடலின் அளவைத் தாண்டி நிற்கிறது.
இது ஆவணி.
ஆறில்லாத ஊருக்கு வானம்தான் ஆறு;
மார்கழியில் அது வந்து இறங்கினால்
இதே தண்ணீரை ஆடு குடிக்கும்.
இரண்டு தண்ணீரிலும் இதே மரம் நிற்கும்.

தரம் ஆறில் கேட்டார்கள், இசைவாக்கம் என்றால் என்ன?
'சூழலுக்கு ஏற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்ளல்'
என்றெழுதி இரண்டு புள்ளி வாங்கினேன்.
அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போன மாரியில் இந்தச் சட்டத்துள் முளைத்த கன்றுகள்
நாற்பத்தொன்று.
இன்று இரண்டு.
மற்ற முப்பத்தொன்பதும் மனம் வைக்காமல் போகவில்லை.
ஒன்றின் இலை சற்றே குறைவாக வியர்த்தது.
ஒன்றின் பக்கம் ஒரு நண்டு வந்தது, அவ்வளவுதான்.
எந்தக் கன்றும் உப்பைப் பார்த்துத் திருந்தவில்லை.
தப்பியதன் விதையில் அந்தச் 'சற்றே' போயிற்று,
அதன் விதையிலும்,
எண்ண ஆளில்லாத மாரிகள் முழுவதும்.

படிவத்தில் 'உயிருடன்' என்று ஒரு நிரல்.
மற்றவற்றுக்கு நிரல் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் முப்பத்தொன்பது என்று
எழுதச் சொன்னேன்.
"மிஸ் ஏசுவா" என்றான். எழுதினான்.

சட்டத்தைத் தூக்கினோம்.
அதன் தடத்தில் தண்ணீர் ஊறி,
நாம் முழங்காலில் நிற்கும்போதே மூடியது.

அடுத்த கிழமை வந்து பார்த்தால்
மறந்துவிட்டுப் போன மூங்கில் கழியில் மீன்கொத்தி.
கழி நெடுக வெள்ளை எச்சம்,
அடியில் பாசி புதிதாய்ப் பச்சை கட்டியிருந்தது,
பாசியில் மூன்று ஊரிகள்.

பிடுங்கக் கை நீட்டி, விட்டுவிட்டேன்.
வாகீசனிடம் சொன்னேன்:
"எழுது. கழி, ஒண்டு.
கொண்டுவந்த உயிரி, நான்."